எலும்பின் உறுதி எங்கே இருக்கிறது? நுண்ணமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் திசுக்களைக் காட்டிப் பாடம் நடத்துவது என் வேலை. எலும்புப் பாடம் வரும் வாரத்தில் கேள்விகள் குவியும். எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் மூன்றைப் படித்துவிட்டால் மற்றவை சுலபமாகப் புரியும்.

எலும்பு என்றால் கால்சியம்தானே?

பாதிதான் சரி. எடைக் கணக்கில் பார்த்தால் எலும்பில் ஏறத்தாழ 65 சதவீதம் கனிமம், 25 சதவீதம் கரிமப் பொருள், 10 சதவீதம் தண்ணீர். கனிமம் என்றால் வெறும் கால்சியம் இல்லை. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் வகைப் படிகம் அது. கொஞ்சம் கார்பனேட்டும் அதில் கலந்திருக்கும். கரிமப் பொருளில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்ற புரதம். தோலிலும் தசைநாணிலும் இருக்கிற அதே முதல் வகைக் கொலாஜன்தான் இங்கேயும்.

எடையை விட்டுவிட்டு, எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தால் கதை மாறிவிடும். கனிமம் கனமானது, அதனால் எடையில் முந்திக்கொள்கிறது. இடக் கணக்கில் அதன் பங்கு பாதிக்கும் குறைவு. கல் மாதிரி என்று நாம் நினைக்கிற எலும்பில் பாதிக்கு மேல் புரதமும் தண்ணீரும்தான்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் போட்டு வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அமிலம் கனிமத்தைக் கரைத்துவிடும். எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி வளையும். மெல்லிய எலும்பாக இருந்தால் முடிச்சுகூடப் போடலாம். இதற்கு நேர்மாறானதை எங்கள் ஆய்வகத்தில் செய்கிறோம். உலையில் வைத்துச் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய்க் கனிமம் மட்டும் மிஞ்சும். அதிலும் வடிவம் மாறாது, வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். எடுத்து லேசாக அழுத்தினால் விரலுக்குள்ளேயே நொறுங்கிவிடும். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு மாணவர் அதை நொறுக்கிவிட்டு மன்னிப்புக் கேட்பார். நொறுக்கத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவேன்.

அப்படியானால் இரண்டையும் கலந்தாலே உறுதி வந்துவிடுமா?

வராது. கனிமப் பொடியையும் கொலாஜனையும் சரியான அளவில் ஒரு பாத்திரத்தில் குழைத்தால் கிடைப்பது ஒருவகைப் பசைதான். எலும்பு ஆகாது. எல்லாம் அடுக்கில் இருக்கிறது.

மிகச் சிறியதிலிருந்து தொடங்குவோம். ஒரு கொலாஜன் மூலக்கூறு, மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. நீளம் சுமார் 300 நானோமீட்டர் (மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்), தடிமன் ஒன்றரை நானோமீட்டர்தான். இந்தக் கயிறுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காமல், செங்கல் வரிசை மாதிரி ஒன்றைவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டிருக்கும். அதனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 67 நானோமீட்டருக்கு ஒரு வரி என்ற கணக்கில் கோடுகள் தெரியும். அடுக்கில் விழும் இடைவெளிகளிலும் இழைகளைச் சுற்றியும் கனிமத் தகடுகள் உட்காருகின்றன. ஒரு தகடு சுமார் 50 நானோமீட்டர் நீளம், 25 அகலம், இரண்டு மூன்று நானோமீட்டர் தடிமன். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு சிறியது? உடையக்கூடிய பொருள் எதுவாக இருந்தாலும், அதில் ஏற்கெனவே இருக்கும் சின்னக் கீறலில் இருந்துதான் உடைவு தொடங்கும். படிகம் பெரிதாக இருந்தால் கீறலுக்கும் இடம் அதிகம். இத்தனை மெல்லிய தகட்டில் கீறல் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அடுத்து, தகடுகள் நேரடியாக ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நடுவில் கொலாஜன் இருக்கிறது. இழுக்கும்போது விறைப்பான தகடுகள் சுமையை ஏற்கும், மெத்தென்ற கொலாஜன் கொஞ்சம் நழுவிக் கொடுத்துச் சுமையை அடுத்த தகட்டுக்குக் கடத்தும். நழுவும் அந்தக் கொஞ்சத்தில்தான் எலும்பு ஆற்றலை விழுங்குகிறது.

அப்புறம் இந்த இழைகள் கற்றையாகி, 3 முதல் 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள தாள் போன்ற அடுக்குகளாகின்றன. ஓர் அடுக்கில் இழைகள் ஓடும் திசையும் அடுத்த அடுக்கில் ஓடும் திசையும் வேறு. பிளைவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பலகை ஒரு திசையில் சுலபமாகப் பிளந்துவிடும். திசையை மாற்றி மாற்றி ஒட்டிய பிளைவுட் அப்படிப் பிளக்காது.

நுண்ணோக்கியில் எலும்பு எப்படி இருக்கும்?

அழகாக இருக்கும். எனக்குப் பிடித்த ஸ்லைடு இதுதான்.

காய்ந்த தொடை எலும்பைக் குறுக்காக மெல்லியதாக அறுத்து, உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. தேய்த்துத் தேய்த்து, அடியில் ஒரு தாளை வைத்தால் அதிலுள்ள எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிந்ததும் கண்ணாடியில் பொருத்தி ஒளியில் பார்க்கலாம். முதலில் கண்ணில் படுவது வட்டங்கள். மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்கள் போல, ஆனால் ஒரே மரமாக இல்லாமல் நூற்றுக்கணக்கான குட்டி மரங்களை நெருக்கி வைத்து அறுத்த மாதிரி. ஒவ்வொரு வட்டமும் ஓர் ஆஸ்டியான். குறுக்களவு சுமார் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. நடுவில் சுமார் 50 மைக்ரான் அகலமுள்ள ஓட்டை. இரத்தக் குழாயும் நரம்பும் போகிற வழி அது. ஹேவர்சியன் கால்வாய் என்று பெயர். 1691இல் எலும்பைப் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

வளையங்களுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கால்கள் இருக்கும், சிலந்தி மாதிரி. அவை செல்கள் வாழ்ந்த குழிகள். உயிரோடு இருந்தபோது ஆஸ்டியோசைட் என்ற எலும்புச் செல் அந்தக் குழியில் உட்கார்ந்து, கால் போன்ற நுண்கால்வாய்கள் வழியாகப் பக்கத்துச் செல்களோடு கைகோத்திருந்தது. இப்போது உள்ளே காற்றுதான் இருக்கிறது. காற்று அடைத்த இடம் ஒளியைச் சிதறடிப்பதால் கறுப்பாகத் தெரிகிறது.

இன்னும் ஒன்று. முழு வட்டங்களுக்கு இடையே அரை வட்டம், கால் வட்டம் என்று துண்டு துணுக்குகள் கிடக்கும். பழைய ஆஸ்டியான்களின் மிச்சம் அவை. சுவரொட்டி மேல் சுவரொட்டி ஒட்டிய சுவரில் பழையதன் ஓரம் எட்டிப்பார்க்குமே, அதே மாதிரி. வயது ஏற ஏற இந்தத் துணுக்குகள் கூடும். அடையாளம் தெரியாத எலும்புக்கூட்டின் வயதைக் கணிக்கத் தடயவியல் நிபுணர்கள் முழு வட்டங்களையும் துணுக்குகளையும் எண்ணுவதுண்டு.

இந்த வட்டங்களுக்கும் உறுதிக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

எலும்பு உறுதியானது என்றால் அதில் விரிசலே விழாது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். விரிசல் விழும். தினமும் விழுகிறது. விழுந்த விரிசலை எலும்பு ஓட விடுவதில்லை, அதுதான் விஷயம். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒரே ஓட்டமாக மறுமுனைக்குப் போய்விடும், தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. எலும்பில் குறுக்காக ஓடி வரும் விரிசல் முதலில் ஓர் ஆஸ்டியானின் வெளிவிளிம்பில் முட்டும். அந்த விளிம்பில் சிமென்ட் கோடு என்று ஒன்று உண்டு. சில மைக்ரான் தடிமன்தான். பெயரைக் கேட்டால் கெட்டியாக ஒட்டும் இடம் போலத் தோன்றும். உண்மையில் சுற்றியுள்ள எலும்பைவிட அது வலு குறைந்த இடம். அந்தக் குறையே இங்கே லாபம். விரிசல் சுலபமான வழியைத் தேடி, ஆஸ்டியானை ஊடுருவாமல் அதன் ஓரமாகத் திரும்பிவிடுகிறது. திரும்பியதும் அதன் வேகம் செத்துவிடும். மேலும் போக வேண்டுமானால் மறுபடி ஆற்றல் வேண்டும்.

இதற்குள் விரிசலுக்குப் பின்னால் வேறு வேலையும் நடக்கிறது. சில இடங்களில் கொலாஜன் இழைகள் அறுபடாமல் இரு கரைகளையும் தையல் போலப் பிடித்துக்கொண்டிருக்கும். சில இடங்களில் உடையாத எலும்புத் துண்டே பாலமாக நிற்கும். விரிசலின் நுனியைச் சுற்றிச் சின்னச் சின்ன விரிசல்கள் உண்டாகி ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்ளும். பெரிய உடைவைத் தடுக்கச் சிறிய உடைவுகளை அனுமதிக்கிற கணக்கு இது.

இந்தப் பாதுகாப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவு இல்லை. விறகு பிளந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கட்டையின் நீளவாக்கில் கோடாலி வைத்தால் சட்டென்று பிளக்கும், குறுக்கே வெட்டினால் கை வலிக்கும். ஆஸ்டியான்கள் எலும்பின் நீளவாக்கில் ஓடுவதால் எலும்பும் அப்படித்தான். மனிதத் தொடை எலும்பின் கெட்டியான பகுதி, நீளவாக்கில் அழுத்தினால் 190 மெகாபாஸ்கல் (ஒரு பரப்பில் விழும் விசையை அளக்கும் அலகு) அளவு தாங்கும், இழுத்தால் 130 வரை. அதே எலும்பைக் குறுக்கே இழுத்தால் 50ஐத் தாண்டினாலே பிரிந்துவிடும். கால் ஊன்றி நிற்க, நடக்க, ஓட வேண்டிய உடம்புக்கு எந்தத் திசையில் சுமை அதிகமோ அந்தத் திசையில் பலம். காலை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு உடம்பு மறுபக்கம் திரும்பினால் வருகிற முறுக்கு விசைதான் எலும்புக்கு ஆகாதது. எக்ஸ்ரேயில் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு போகும் முறிவைப் பார்த்தால், விழுந்தவர் சுழன்று விழுந்தார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம்.

எலும்பு எஃகைவிட வலிமையானது என்கிறார்களே?

எடைக்கு எடை போட்டால் சாதாரண எஃகோடு போட்டியிடலாம், உயர்ரக எஃகிடம் தோற்கும். எலும்பின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் நான்கில் ஒன்று என்பதால்தான் இந்தப் பேச்சே வந்தது. ஒரே அளவுள்ள துண்டுகளை எடுத்துக்கொண்டால் எஃகு பல மடங்கு முன்னே நிற்கும். விறைப்பில் மட்டும் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் எஃகுப் பாலத்தில் விழுந்த விரிசலைச் சரிசெய்ய ஆள் போக வேண்டும். எலும்புக்கு ஆள் உள்ளேயே குடியிருக்கிறது.

பஞ்சு எலும்பு பலவீனமானதா?

பெயரால் வந்த வினை. எலும்புக்கூட்டின் எடையில் 80 சதவீதம் வெளியே இருக்கும் கெட்டி எலும்பு, மீதி 20 சதவீதம் பஞ்சு எலும்பு. கைகால் எலும்புகளின் முனைகளிலும் முதுகெலும்பின் கட்டைகளிலும் இடுப்பிலும் இது அதிகம். தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்காது. கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருப்பதால் வந்த பெயர்தான். 0.1, 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிகளும் தகடுகளும் பின்னிய வலை அது. மூட்டில் வந்து விழும் சுமையைப் பரப்பி, கீழே உள்ள கெட்டிக் குழாய்க்குக் கடத்துவது அதன் வேலை.

அந்த வலை ஏனோதானோவென்று பின்னப்பட்டதில்லை. 1860களில் ஜூரிக்கில் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் மேயர், நெடுக்காக அறுத்த தொடை எலும்பின் தலைப்பகுதியைக் கட்டமைப்புப் பொறியியல் பேராசிரியர் கார்ல் குல்மனுக்குக் காட்டினார். வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் அழுத்தமும் இழுவிசையும் எந்தக் கோடுகளில் ஓடும் என்று குல்மன் வரைவது வழக்கம். எலும்பின் கம்பிகளும் கிட்டத்தட்ட அதே கோடுகளில் வளைந்து ஓடியதைக் கண்டு அசந்துபோனார். இதைப் பிடித்துக்கொண்டு பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல், சுமை மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் அதற்கேற்ப மாறும் என்று விரிவாக எழுதினார். அவர் சொன்ன கணித விதி அப்படியே நிற்கவில்லை. மையக் கருத்து நின்றுவிட்டது.

ஒரு சின்ன விலகல். ஈஃபில் கோபுரம் தொடை எலும்பைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கோபுரத்தின் முதல் வரைபடத்தைப் போட்ட மாரிஸ் கோஷ்லான் ஜூரிக்கில் குல்மனிடம் படித்தவர், அவ்வளவுதான் தொடர்பு. படித்தது விசையைக் கோடாக வரையும் முறையை. எலும்பைப் பார்த்துக் காப்பியடித்தார் என்பது பின்னால் ஒட்டவைத்த கதை.

சரி, பஞ்சு எலும்பு எப்படி வலுவிழக்கிறது? கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்துக் கம்புகள்தானே எடையைத் தாங்குகின்றன, குறுக்குக் கம்புகள் எதற்கு? மெல்லிய கம்பை மேலிருந்து அழுத்தினால் அது நசுங்குவதில்லை, நடுவில் வளைந்து ஒடிகிறது. குறுக்குக் கம்பு அந்த வளைவைத் தடுக்கிறது. ஒரு குறுக்குக் கம்பை எடுத்துவிட்டால், அங்கே செங்குத்துக் கம்பின் பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பாகும். நீளம் இரட்டித்தால் அது வளையாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகக் குறையும். பாதியாக அல்ல, கால் பங்காக. முதுகெலும்புக் கட்டைகளில் வயதாகும்போது முதலில் காணாமல் போவது இந்தக் குறுக்குக் கம்பிகள்தான். நின்ற நிலையிலேயே, குனிந்து ஒரு வாளியைத் தூக்கும்போதே முதுகெலும்பு அமுங்கிப் போவது இதனால்தான்.

அடர்த்திக் கணக்கிலும் இதே கொடுமை உண்டு. பஞ்சு எலும்பின் பலம் ஏறக்குறைய அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 சதவீதம் அடர்த்தி போனால் மிஞ்சும் பலம் 70 சதவீதம் இல்லை, சுமார் 49 சதவீதம்.

கைகால் எலும்புகள் ஏன் குழாய் மாதிரி இருக்கின்றன?

வளைக்கும்போது ஓரங்கள்தான் சுமையை ஏற்கின்றன, நடுவில் இருப்பது சும்மா இருக்கிறது. அதனால் அதே அளவு பொருளை நடுவிலிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளினால் எடை கூடாமலே வளைவுக்கு எதிர்ப்பு கூடும். சைக்கிள் சட்டம் குழாயில் செய்யப்படுவதும் இதனால்தான். வயதான உடம்பும் இந்தத் தந்திரத்தைக் கையாள்கிறது. உள்சுவர் அரிக்கப்பட்டு மெலிய மெலிய, வெளிப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு சேர்ந்து குழாயின் குறுக்களவு கூடுகிறது. இழப்பை முழுக்க ஈடுகட்ட அது போதாது.

சுமை எவ்வளவு என்பது எலும்புக்கு எப்படித் தெரிகிறது?

சிலந்தி போன்ற குழிகளைச் சொன்னேனே, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆஸ்டியோசைட்டுகள்தான் காவலாளிகள். எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். நடக்கும்போது எலும்பு வளைகிறது. கண்ணுக்குத் தெரியாது; நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றம். அந்த அளவே போதும், நுண்கால்வாய்களில் உள்ள திரவம் அசைந்து செல்களின் கால்களை உரசிச் செல்லும். அந்த உரசல்தான் செய்தி. விரிசல் குறுக்கே போய் ஒரு நுண்கால்வாயை அறுத்தாலும் செய்திதான். செல் பட்டினியாகிச் சாகும், சாகும்போது ஆளைக் கூப்பிடும்.

வருகிறவர்கள் இரண்டு கூட்டம். ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல்கள் அமிலமும் நொதியும் சுரந்து பழுதான எலும்பை அரித்தெடுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அது முடிந்துவிடும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து குழியில் வளையம் வளையமாகப் புது எலும்பைப் பூசும். அதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். ஸ்லைடில் பார்த்த வட்டங்கள் ஒவ்வொன்றும் இப்படி நடந்து முடிந்த ஒரு பழுதுபார்ப்பின் தடம்தான். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது.

தோண்ட மூன்று வாரம், பூச நாலு மாதம் என்ற இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். புதிதாக ஓட்டப் பயிற்சி தொடங்கியவர் ஒரேயடியாகத் தூரத்தைக் கூட்டினால், விரிசல்கள் கூடும், தோண்டிய குழிகள் கூடும், பூச்சு இன்னும் முடிந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் பாதத்து எலும்பு களைப்பு முறிவு கண்டுவிடுகிறது. 1855லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுநடை போன சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே வருவதற்கு நாற்பது வருஷம் முன்பு.

உடற்பயிற்சி எலும்பின் அமைப்பையே மாற்றுமா?

மாற்றும். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருக்கும், சிறுவயதில் ஆடத் தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். எதிர்ப்பக்க உதாரணம் விண்வெளி வீரர்கள். எடையில்லாத நிலையில் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழந்திருக்கிறார்கள். 1980களில் பறவையின் சிறகெலும்பில் சுமை கொடுத்துப் பார்த்த ரூபின், லேன்யன் என்ற ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஒரு நாளைக்கு 36 முறை சுமை கொடுத்தாலே எலும்பு வளர்ந்தது; அதை நூற்றுக்கணக்கில் கூட்டியும் மேற்கொண்டு பலனில்லை. எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு வேகமாக, எவ்வளவு புதிய விதத்தில் சுமை வருகிறது என்பதைத்தான் செல்கள் கவனிக்கின்றன. குதிப்பது எலும்புக்குப் பிடிப்பதும், எடையைத் தண்ணீர் தாங்கிவிடும் நீச்சல் இதயத்துக்கு நல்லதாக இருந்தும் எலும்புக்கு அவ்வளவாக உதவாததும் இதனால்தான்.

அடர்த்தி கூடினால் உறுதியும் கூடும்தானே?

கூட வேண்டும் என்று கட்டாயமில்லை. ரிப்போர்ட்டில் எண் ஏறினால் சந்தோஷப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் ஃப்ளோரைடு கதையைச் சொல்வேன். எலும்புத் தேய்வு வந்த பெண்களுக்கு நான்கு வருஷம் ஃப்ளோரைடு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1990இல் வெளிவந்தது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற இடங்களில் முறிவுகள் கூடிவிட்டன. எலும்பு சேர்ந்தது உண்மை. சேர்ந்த விதம் சரியில்லை.

பிறவியிலேயே இதைக் காட்டும் நோய்கள் உண்டு. அரித்தெடுக்கும் செல்கள் வேலை செய்யாவிட்டால் வருவது ஆஸ்டியோபெட்ரோசிஸ், பளிங்கு எலும்பு நோய். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும், ஆனால் சுலபமாக உடையும். இன்னொரு பக்கம் கொலாஜன் மரபணுவில் பிழை வந்தால் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. அங்கே கயிறே சரியாக முறுக்கப்படவில்லை, கனிமம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

விலங்குகளைப் பார்த்தால் இயற்கை இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று தெரியும். ஜான் கரி என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1979இல் மூன்று எலும்புகளை ஒப்பிட்டார். மான் கொம்பில் கனிமம் 59 சதவீதம், மாட்டுத் தொடை எலும்பில் 67, திமிங்கிலத்தின் காது எலும்பில் 86. கொம்பு முட்டி மோத வேண்டியது. வளைந்து கொடுக்கும், லேசில் உடையாது. காது எலும்பு ஒலியைக் கையாள வேண்டியது. படு விறைப்பு, தட்டினால் உடைந்துவிடும், ஆனால் அதை யார் தட்டப் போகிறார்கள்? தொடை எலும்பு நடுவில் நிற்கிறது.

வயதானால் எலும்பு ஏன் உடைகிறது?

அளவு குறைவது ஒரு காரணம், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத காரணங்கள் இன்னும் உண்டு. கெட்டி எலும்பில் பக்கத்துப் பக்கத்து ஹேவர்சியன் ஓட்டைகள் பெரிதாகி ஒன்றாகிவிடுகின்றன. பஞ்சு எலும்பில், குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, அரிப்பு ஆழமாகப் போய்க் கம்பியையே துண்டித்துவிடுகிறது. துண்டான கம்பியை மறுபடி இணைக்க முடியாது, ஏனென்றால் பூசுகிற செல்களுக்கு உட்கார ஒரு பரப்பு வேண்டும். அறுந்த இடத்தில் பரப்பே இல்லை. சீக்கிரமே சிகிச்சை தொடங்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கொலாஜனும் கிழடு தட்டுகிறது. இரத்தச் சர்க்கரை வருஷக்கணக்கில் அதோடு வினைபுரிந்து தேவையில்லாத குறுக்குப் பிணைப்புகளைப் போடுகிறது. பிணைப்பு கூடினால் பலம்தானே என்று தோன்றும். ஆனால் இழைகள் நழுவிக் கொடுக்க வேண்டிய இடத்தில் இறுகிப்போகின்றன. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு அடர்த்தி சரியாக இருந்தும் முறிவு அதிகமாக வருவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

டெக்ஸா ஸ்கேன் இதையெல்லாம் காட்டுமா?

காட்டாது. அது எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே சோதனை. ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிராம் கனிமம் என்ற நிழல் கணக்கைத்தான் சொல்லும். குறுக்குக் கம்பி இருக்கிறதா, கொலாஜன் நழுவுமா என்பது அதன் கண்ணில் படாது. டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கும் ஏராளமாக முறிவு வருகிறது. அதற்காக ஸ்கேன் வீண் என்று அர்த்தமில்லை. வயது, முன்பு உடைந்த வரலாறு, குடும்ப வரலாறு எல்லாவற்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டிய எண் அது. கை மணிக்கட்டில் தனித்தனிக் கம்பிகளையே படமெடுக்கும் நுண் சி.டி. கருவிகளும் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான்.

குழந்தைகளின் எலும்பு முழுதாக உடையாமல் வளைந்துவிடுவது ஏன்?

கனிமம் குறைவு, வெளியுறை தடிமன். பச்சைக் குச்சியை ஒடித்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே மாதிரிதான். டாக்டர்கள் வைத்திருக்கும் பெயரும் பச்சைக்குச்சி முறிவுதான்.

உடைந்து கூடிய இடம் முன்பைவிட வலுவாகிவிடும் என்பது உண்மையா?

கொஞ்ச காலத்துக்கு அந்த இடம் தடித்திருக்கும், அதனால் அப்படித் தோன்றும். முறிவில் முதலில் வருவது அவசரக் கட்டுமானம். கொலாஜன் இழைகள் திசையே இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நெசவு எலும்பு அது. தரத்தில் மட்டம், ஆனால் சீக்கிரம் வரும். தரக்குறைவைப் பருமனால் ஈடுகட்டிக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், அதை அரித்து அரித்து ஒழுங்கான அடுக்கெலும்பாக மாற்றுகிறது உடம்பு. வீக்கமும் வடிந்துவிடும். தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்போ தழும்பில்லாமல் எலும்பாகவே ஆறுகிறது.

கால்சியம் மாத்திரை போதுமா?

மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அமைப்பு சார்ந்து ஒன்றை மட்டும் சொல்கிறேன். வைட்டமின் டி பற்றாக்குறையில் கொலாஜன் அடுக்கு தயாராகியும் அதில் கனிமம் ஏறாமல் நிற்கும். வினிகரில் போட்ட எலும்பின் பக்கம் சாய்வது என்று வைத்துக்கொள்ளலாம். வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் கயிறு உறுதியாக முறுக்கேறாது.

காய்ந்த எலும்பை வைத்து உயிருள்ள எலும்பை மதிப்பிடலாமா?

கூடாது, ஆனால் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அந்த 10 சதவீதத் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர்தான் கொலாஜனை நெகிழ வைக்கிறது. அது போய்விட்டால் எலும்பு இன்னும் விறைக்கும், ஆனால் ஆற்றலை விழுங்கும் குணம் குறைந்துவிடும். எங்கள் வகுப்பில் ஒரு தொடை எலும்பு மேசையிலிருந்து நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது, கீழ்முனையின் ஓரம் தெறித்துப் போய்விட்டது. தெறித்த இடத்தில் உள்ளே இருக்கும் பஞ்சு வலை பளிச்சென்று தெரிகிறது. இப்போது பாடம் நடத்த அந்த உடைந்த எலும்பைத்தான் முதலில் கையில் எடுக்கிறேன்.